டிரைவர் கேட்ட கம்ப்யூட்டர்

பேட்டையில் எங்கள் அச்சகத்துக்கு வழி கேட்காமல் வந்து சேர்ந்த ஆள் அவள் ஒருத்திதான்.

பட்டறைகளுக்குப் பின்னால் இருந்தது அச்சகம். போர்டு கிடையாது. வருகிறவர்கள் முக்கு டீக்கடையில் நின்று கேட்டுத்தான் வருவார்கள். அவள் கேட்கவில்லை. முதலில் லேத் பட்டறைக்குள் போயிருக்கிறாள். பிறகு வெல்டிங் பட்டறை. பிறகு பஞ்சு கோடவுன். ஒவ்வொன்றிலும் உள்ளே போய்ப் பார்த்து, இது இல்லை என்று வெளியே வந்திருக்கிறாள். எங்கள் வாசலில் நின்றபோது சேலைக் கரையெல்லாம் கரி. தலையில் பஞ்சு. மை வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்தேன் என்று பின்னால் ஒருநாள் சொன்னாள்.

“தமிழ் டைப் வருமா?” என்றார் முதலாளி.

“வரும்.”

“கம்ப்யூட்டரு?”

“வரும்.”

சம்பளம் எவ்வளவு, லீவு உண்டா, ஒன்றும் கேட்கவில்லை. முதலாளிக்கு அது பிடித்துப்போனது. மறுநாளே வேலைக்கு வந்துவிட்டாள். முதலாளி வீட்டு மாடியில் ஒரு அறை சும்மா கிடந்தது. அதில் தங்கிக்கொண்டாள். அதையும் அவள் கேட்கவில்லை. முதலாளியம்மா பார்த்துக் கொடுத்தது.

நான் அங்கே வேன் ஓட்டினேன். பேப்பர் கட்டு ஏற்றி வருவது, அச்சடித்ததைக் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடுவது. எல்லாரும் என்னை டிரைவர் என்பார்கள். அவள் மட்டும் அண்ணாச்சி என்றாள். அவளை நாங்கள் கம்ப்யூட்டர் பிள்ளை என்றோம். பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஞாபகம் இல்லை.

மத்தியானம் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம். பைண்டிங் வேலை பார்க்கிற அக்கா வீட்டில் போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவருவாள். கேட்கிறவர்களுக்குக் கொடுப்பாள். இவள் வெறும் மோர்ச்சோற்றைத் தின்றுகொண்டிருப்பாள்.

“ஏட்டி, வேணும்னா கேளேன். வாயில என்ன கொழுக்கட்டையா?”

சிரிப்பாள். கேட்க மாட்டாள். அக்கா திட்டிக்கொண்டே ஒரு துண்டைத் தட்டில் போடுவாள். முழுசாகத் தின்றுவிடுவாள். அப்போதே தெரியும், அவளுக்கு அது எவ்வளவு பிடிக்கும் என்று.

ஒரு சித்திரையில் கம்ப்யூட்டர் அறை ஃபேன் நின்றுபோனது. யாரிடமும் சொல்லவில்லை. வேர்க்க வேர்க்க உட்கார்ந்து டைப் அடித்தாள். சாயங்காலம் பார்த்தால் ஸ்டூலில் ஏறி நின்று ஃபேனைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். மாட்டி சுவிட்சைப் போட்டாள். ஃபேன் எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. காற்று மேலே போனது. கீழே ஒன்றும் வரவில்லை. மறுபடியும் ஏறினாள். நாங்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தோம். எலெக்ட்ரீசியன் பக்கத்துப் பட்டறையில்தான் இருந்தான். கூப்பிட்டால் வந்திருப்பான்.

அவள் வழி அதுதான். கேட்க மாட்டாள். திரும்பச் செய்வாள். சரியாகிற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்வாள்.

மழைநாளில் வேனில் கொண்டுபோய் விடும்போது ஒருமுறை நானே கேட்டேன்.

“ஏன் தாயி, ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன?”

ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

“ஒருதடவ கேட்டேன் அண்ணாச்சி. எங்க அப்பாகிட்ட. வீட்டுக்கே வந்துரட்டுமான்னு.”

“என்ன சொன்னாவ?”

“ஒண்ணும் சொல்லல. திரும்பிப் போற பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டாவ.”

புருஷன் வீடு சேரன்மகாதேவி பக்கம். அங்கே என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை. முழங்கைக்கு மேலே ஒரு தழும்பு உண்டு. இஸ்திரிப் பெட்டியின் மூக்கு மாதிரி இருக்கும். பைண்டிங் அக்காவிடம் மட்டும் ஒருநாள், “அங்க போனா என்னய உசுரோட பாக்க மாட்டீய” என்று சொல்லியிருக்கிறாள். அக்கா என்னிடம் சொன்னாள். அதனால் எங்களுக்குத் தெரியும். அவளுக்கு இந்த வேலை சம்பளத்துக்காக மட்டும் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் அந்த நாற்காலி இருக்கிற வரைக்கும் அவள் இங்கே இருக்கலாம். அவ்வளவுதான்.

ஐப்பசி மழையில் ஒரு இடி விழுந்தது. பழைய கம்ப்யூட்டர் அதோடு போனது. காலண்டர் சீசன். முதலாளி டவுனுக்குப் போய்ப் புதுசு ஒன்று வாங்கினார். இவளையும் கூட்டிப் போனார். நான்தான் ஓட்டினேன். கடைக்காரர் இவளைப் பார்த்துவிட்டு முதலாளியிடம், “பொம்பளப் பிள்ள சமாளிச்சுக்கிடுமா?” என்றார். பிறகு இவளிடம், “ஒண்ணும் தெரியலன்னா கூச்சப்படாம வந்து கேளும்மா” என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் அந்த வார்த்தை அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

புது கம்ப்யூட்டரில் புது விண்டோஸ் இருந்தது. எங்கள் தமிழ் எழுத்து புரோகிராம் பழசு. புதுசில் அது ஒட்டவில்லை. எழுத்து சிதறியது. கொம்பு ஒரு வரியில், எழுத்து அடுத்த வரியில். துணைக்கால் எல்லாம் காணாமல் போனது. ஒரு கல்யாணப் பத்திரிகையின் முதல் தாள் வந்தது. மணப்பெண் பெயர் மாலா. ‘மல’ என்று இருந்தது.

பைண்டிங் அக்கா தாளை வாங்கிப் பார்த்தாள். “என்னட்டி, பொண்ணுக்கு ரெண்டு காலையும் எடுத்துட்டிய. மாப்பிள்ள தூக்கிட்டா போவான்?”

எல்லாரும் சிரித்தோம். முதலாளி சிரிக்கவில்லை.

“பழைய விண்டோஸ் போட்டுருதேன்,” என்றாள்.

பழைய சிடி அவளிடம் இருந்தது. பழைய கம்ப்யூட்டரைக் கிளப்புகிற ஃபிளாப்பியும் இருந்தது. புதுசில் இருந்ததை எல்லாம் அழித்துத் துடைத்தாள். ஃபிளாப்பியைப் போட்டாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. அதோடு நின்றது.

அன்றைக்கும் நின்றது. மறுநாளும் நின்றது. அவள் அணைப்பாள், போடுவாள். அணைப்பாள், போடுவாள். நான் லோடு இறக்கிவிட்டு வந்தேன். அப்படியே இருந்தாள். தண்ணீர்ச் செம்பு வைத்த இடத்தில் இருந்தது.

“என்ன தாயி சொல்லுது?”

“சிடி போடுத பெட்டி இருக்குல்லா அண்ணாச்சி. அப்படி ஒண்ணு இருக்குன்னே இதுக்குத் தெரியல.”

“கண்ணு முன்னால இருக்கே.”

“நமக்கு இருக்கு. இதுக்குத் தெரியணும்னா டிரைவர் வேணுமாம்.”

“டிரைவரா?”

“ஒரு சின்னப் புரோகிராம். அதுக்குப் பேரு டிரைவர். அது சிடிக்குள்ள இருக்கு.”

“அப்ப எடுத்துக்கோயேன்.”

“சிடியப் படிக்கணும்னா டிரைவர் வேணும்.”

நான் யோசித்தேன்.

“சாவிய உள்ள வச்சுட்டு வீட்டப் பூட்டின கத.”

“ஆமா அண்ணாச்சி. பூட்டினது நான்தான்.”

“பழைய ஃபிளாப்பில ஒரு டிரைவர் இருக்கும்லா?”

“இருக்கு. அது பழைய பெட்டிக்கு. புதுசு அதுக்கு மசியல.”

அவள் முகத்தைப் பார்த்தேன். உதடு வெடித்திருந்தது.

புதன்கிழமை முதலாளி வந்து நின்றார்.

“ஏம்மா, கடக்காரனுவ போன் மேல போன் போடுதானுவ. வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடணும். இல்லன்னா கோயம்புத்தூர்ல இருந்து எங்க அக்கா மகன வரச்சொல்லிருவேன். அவன் இதையே படிச்சவன்.”

தலையாட்டினாள். முதலாளி கொஞ்ச நேரம் நின்றார். அவள் ஏதாவது சொல்வாள் என்று பார்த்திருப்பார். சொல்லவில்லை. போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவள் புது கம்ப்யூட்டர் வந்த அட்டைப்பெட்டிக்குள் தேட ஆரம்பித்தாள். தெர்மாக்கோலை உடைத்துப் பார்த்தாள். குப்பையைக் கிளறினாள். கம்ப்யூட்டரோடு ஒரு ஃபிளாப்பி வந்திருக்க வேண்டும். அதைத்தான் தேடுகிறாள் என்று எங்களுக்குத் தெரியாது. அவள் கேட்கவில்லையே. பைண்டிங் அக்காதான் பொறுக்க முடியாமல் கத்தினாள்.

“ஏட்டி, என்னத்தத் தேடுதன்னு சொல்லித் தொலையேன்! கம்மலத் தொலச்சிட்டியா?”

“ஃபிளாப்பிக்கா. டிரைவர்னு எழுதியிருக்கும்.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். பெட்டி பிரித்த அன்றைக்கு அட்டைக்குள் இருந்து ஒரு ஃபிளாப்பி விழுந்தது. அக்கா அதை எடுத்து, கட்டிங் மிஷின்காரரிடம் காட்டினாள். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். டிரைவர். “ஓய் டிரைவரே, உமக்கு ஏதோ வந்திருக்குவே” என்று என் கையில் கொடுத்தார். நானும் பார்த்தேன். என் லைசென்ஸில் இருக்கிற அதே எழுத்து. வண்டிக்கு ஏதோ காகிதம் போல என்று நினைத்து வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தேன்.

ஓடிப்போய் எடுத்து வந்தேன். வெயிலில் கிடந்து அப்பளம் மாதிரி வளைந்திருந்தது.

அவள் வாங்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிரித்தாள். வாய்விட்டு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“நீங்கதான டிரைவர். சரியான ஆளுகிட்டத்தான் குடுத்திருக்காவ.”

நிமிர்த்தி, துடைத்து, உள்ளே போட்டாள். கரகரவென்று சத்தம். திரையில் மூன்று ஆங்கில வார்த்தை. என்ன என்று கேட்டேன்.

“விட்டுரட்டுமா, திரும்பப் பாக்கட்டுமா, தோத்துட்டேன்னு வச்சுக்கிடட்டுமான்னு கேக்கு.”

“நீ என்ன சொன்ன?”

“திரும்பப் பாக்கச் சொல்லுதேன்.”

அழுத்தினாள். கரகர. அழுத்தினாள். கரகர. நான் வெளியே போய் நின்றேன். வெளியே வரைக்கும் கேட்டது.

வியாழக்கிழமை ஜங்ஷனில் பேப்பர் எடுக்க வேண்டியிருந்தது.

“ஏறு தாயி,” என்றேன்.

ஏன் என்று கேட்கவில்லை. அந்த வளைந்த ஃபிளாப்பியையும் எடுத்துக்கொண்டு ஏறினாள். டவுனில் கம்ப்யூட்டர் வாங்கின கடைக்கு எதிரே நிறுத்தினேன். கடைக்காரர் உள்ளே தெரிந்தார். ரோட்டைத் தாண்டினால் போதும்.

அவள் இறங்கவில்லை. சீட்டு ரெக்சினில் நகத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, நீங்க கேளுங்களேன்.”

“எனக்கென்ன தெரியும்?”

“டிரைவர் வேணும்னு கேளுங்க.”

போனேன். காக்கிச் சட்டையோடு போய் நின்றேன்.

“டிரைவர் வேணும்.”

“நாங்க டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்கலவே. எங்ககிட்ட இருக்கது ஒரு சைக்கிளு.”

“எனக்கு இல்ல. கம்ப்யூட்டருக்கு.”

“கம்ப்யூட்டர ஓட்டப் போறீரா? லைசென்சு இருக்கா?” கடையில் இருந்த பையன்கள் சிரித்தார்கள்.

“சிடி பெட்டிக்கு.”

அவர் சிரிப்பை விட்டார். “எந்தக் கம்பெனிப் பெட்டி?”

ரோட்டைத் தாண்டி வேனுக்கு வந்தேன். கேட்டேன். சொன்னாள். திரும்பத் தாண்டிப் போய்ச் சொன்னேன்.

“சவுண்டு கார்டுல மாட்டினதா, நேரா போர்டுல மாட்டினதா?”

திரும்ப வந்தேன். ஒரு டவுன் பஸ் என் மேல் ஏறப் பார்த்தது. “சாவுததுக்கு வேற எடம் கிடைக்கலயால?” என்றான் அந்த டிரைவர். போர்டில் மாட்டினது என்றாள். போய்ச் சொன்னேன்.

“டாஸுக்கா, விண்டோஸுக்கா?”

நான் திரும்பினேன். அவர் கையைப் பிடித்துவிட்டார்.

“நில்லும்வே. யாருகிட்டப் போயிப் போயிக் கேட்டுட்டு வாரீரு?”

என் கூடவே ரோட்டைத் தாண்டி வந்தார். வேன் கதவில் கையை வைத்து எட்டிப் பார்த்தார்.

“அட, நீயாம்மா! ஒரு வார்த்த வந்து கேட்டா வாயில இருக்க முத்து உதிர்ந்துருமா?”

அவள் நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள். மூடினாள். அவர் காத்திருந்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். கேளு தாயி, கேட்டுரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கேட்கவில்லை. வளைந்த ஃபிளாப்பியை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார். “சரிம்மா, சரி” என்றார், அழுகிற பிள்ளையிடம் சொல்கிற மாதிரி. அவள் அழவில்லை. உள்ளே போய் ரெண்டு ஃபிளாப்பி கொண்டுவந்தார். “ஒண்ணு மக்கர் பண்ணினா இன்னொண்ணு” என்றார். வளைந்ததை அவரே வைத்துக்கொண்டார்.

அச்சகத்தில் போய்ப் போட்டாள். வரி வரியாக எழுத்து ஓடியது. சிடி பெட்டியில் ஒரு பச்சை வெளிச்சம் மினுக்கியது. சீட்டி அடிக்கிற மாதிரி உள்ளே சிடி சுற்றியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா அவள் தட்டு நிறைய ஊறுகாயைக் கொட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் முதலாளி என்னை ஜங்ஷனுக்குப் போகச் சொன்னார். அக்கா மகன் ரயிலில் வருகிறான் என்றார். புதன்கிழமையே போன் போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கவில்லை.

நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“மொதலாளி, கம்ப்யூட்டரு ஓடிட்டு.”

“ஓடிட்டா? யாரு சொன்னா? அந்தப் பிள்ள ஒண்ணும் சொல்லலயே. சரி, போயிட்டு வாரும். பய வந்து எறங்கிருவான்.”

பையன் நல்ல பையன். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வேனில் ஏறினதில் இருந்து கேட்டுக்கொண்டே வந்தான். ஏனுங்க, இது என்ன வாய்க்காலுங்க? ஏனுங்க, இங்க எந்தக் கடைல இட்லி நல்லாருக்கும்? மாமா ரொம்பக் கோவக்காரருங்களா? கேட்பதற்கு அவனுக்குக் கூச்சமே இல்லை. கேட்டால் கிடைக்கும் என்று வளர்ந்தவன்.

அச்சகத்துக்குள் நுழைந்தபோது முதல் தாள் வெளியே வந்திருந்தது. மாலாவுக்கு ரெண்டு காலும் இருந்தது. “பொண்ணு எந்திச்சு நடந்துட்டா” என்று அக்கா எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். முதலாளி தாளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான்.

“நல்லாருக்கும்மா. இவனுக்கும் கொஞ்சம் காட்டிக் குடு.”

விருந்தாளி என்று அவனுக்கு நாற்காலியைக் கொடுத்தாள். அவன் உட்கார்ந்தான். அவள் நின்றாள். இது எப்படிங்க்கா, அது எங்கங்க்கா என்று கேட்டான். எல்லாம் சொன்னாள். சாயங்காலம் வரைக்கும் அவன் எழுந்திருக்கவில்லை. அவளும் நாற்காலியைக் கேட்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரம் முதலாளி அவளைக் கூப்பிட்டார். நான் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது.

“சொந்தக்காரப் பய. கெளம்பி வந்துட்டான். போன்னு சொல்ல முடியுமா? வேலைய இனி அவன் பாக்கட்டும். மாடி ரூமும் அவனுக்கு வேணும். ரெண்டு நாள்ல பாத்துக்கோம்மா.” கொஞ்சம் நிறுத்தினார். “நீ ஓட வச்சிருவன்னு எனக்கு எங்கன தெரியும்? இன்னும் ஒரு நாள் குடுங்கன்னு அன்னைக்கே ஒரு வார்த்த கேட்டிருந்தா, அவன வரச்சொல்லியிருக்க மாட்டேன்லா.”

அவள் தலையாட்டினாள்.

அந்த ரெண்டு நாளும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. அப்போதே போய்ப் பையைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஒரு ரெக்சின் பை, ஒரு தூக்குச்சட்டி. பைண்டிங் அக்கா அழுதுகொண்டே போய்விட்டாள். முதலாளி என்னிடம், “பஸ்ஸு ஏத்திவிட்டுரும்” என்றார்.

வேனை மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்தேன். மேற்கே சேரன்மகாதேவி. கிழக்கே டவுன். எந்தப் பக்கம் என்று அவள் சொல்வாள் என்று நிறுத்தினேன். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

“அண்ணாச்சி,” என்றாள். “நான் எங்க போக?”

நான் வண்டியைப் பிடித்த நாளில் இருந்து, எங்கே போகவேண்டும் என்று எனக்குச் சொல்வார்கள். நான் போவேன். எங்கே போக என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை.

லாரிக்காரன் மறுபடியும் அடித்தான். கிழக்கே திருப்பினேன். டவுன், ஜங்ஷன், அப்புறம் தச்சநல்லூர். என் வீட்டு வாசலில் நிறுத்தினேன்.

என் வீட்டுக்காரி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். யார், என்ன, ஒன்றும் என்னிடம் கேட்கவில்லை.

“உனக்குத் தோச ரெண்டு ஊத்தவா, மூணா?” என்று அவளிடம் கேட்டாள்.

அவள் வாசலிலேயே நின்றாள். பையைக் கீழே வைத்தாள்.

“மூணு,” என்றாள்.